ஒன்பதாம் பாடத்தில் பதினோரு விநாடி

அவரை ஆசிரியை என்பதா, டிவி போடுகிறவர் என்பதா என்று கல்லூரிக்கே குழப்பம். சம்பளப் பட்டியலில் அவர் பொருளாதாரத் துறை உதவிப் பேராசிரியை. மாணவர்கள் வைத்த பெயர் 'ரிமோட் மேடம்'. வீட்டில் கணவர் கூப்பிட்டது 'டீச்சரம்மா' என்று. கூப்பிட்டவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பெயர்தான் அவருக்குப் பொருந்துகிறது, நாமும் அதையே வைத்துக்கொள்வோம்.

கல்லூரி பூட்டிக் கிடந்த வருடத்தில், கல்லூரி கொடுத்த மடிக்கணினியை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, இருபத்தெட்டுப் பாடங்களைப் பதிவு செய்தார். முதல் பதினான்கு நுண்ணியல் பொருளாதாரம்: தேவை, அளிப்பு, விலை, செலவு. அடுத்த பதினான்கு பேரியல்: நாட்டு வருமானம், பணவீக்கம், வேலையின்மை. கல்லூரி திறந்ததும் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை உதித்தது. இவ்வளவு நல்ல பதிவு கையில் இருக்கும்போது எதற்கு ஒரு மனுஷி தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும்? அன்றிலிருந்து திரையில் ஒரு டீச்சரம்மா பாடம் நடத்துவார். கடைசி பெஞ்சில் இன்னொரு டீச்சரம்மா உட்கார்ந்து பொத்தானை அமுக்குவார், வருகைப் பதிவு எடுப்பார், தூங்குகிறவர்களைத் தூங்க விடுவார். வேறு யாராவது என்றால் துறையையே இரண்டாக்கியிருப்பார்கள். இவர் சரி என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் கல்லூரி திறப்பதற்கு மூன்று வாரம் முன்புதான் கணவர் இறந்திருந்தார். அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிதிருத்தும் கடையில் முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே போய்விட்டார். டீச்சரம்மா ஓடிப் போய்ப் பார்த்தபோது ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது, இன்னொன்றில் நுரை காய்ந்திருந்தது. கடைக்காரர் கத்தியும் கையுமாக நின்றிருந்தார்.

"மீதிப் பாதியையும் வழிச்சு விட்டுடுங்க" என்றார் டீச்சரம்மா.

வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அவருக்கு வரவில்லை. நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று காத்திருந்தார். அப்புறம் காத்திருப்பதையும் விட்டுவிட்டார்.

பொருளாதாரத்தில் எந்த விதியைச் சொன்னாலும் கூடவே 'பிற மாறாதிருக்கும்போது' என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டு, உலகத்தில் மீதி எல்லாவற்றையும் அசையாமல் பிடித்து வைத்துக்கொள்வது. டீச்சரம்மா அதை வாழ்ந்தே காட்டினார். ஆறரை மணிக்கு அதே அலாரம், அதே பஸ், பஸ்ஸில் அதே இடதுபக்க ஜன்னல். கொடியில் காய்ந்த கணவரின் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தது போலவே தன்னையும் மடித்து எங்கோ வைத்துவிட்டார்.

இப்போது ஒன்பதாம் பாடத்துக்கு வருவோம். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பெயர்தான் இவ்வளவு நீளம், விஷயம் ஒரு வாய் டீ. எந்தப் பொருளையும் அடுத்தடுத்து நுகர நுகர, ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற திருப்தி குறைந்துகொண்டே போகும். பதிவில் டீச்சரம்மா சொல்கிறார்: முதல் டீ அமிர்தம், இரண்டாவது டீ பரவாயில்லை, மூன்றாவது டீ வந்தால்... அந்த நேரம் பார்த்துப் பின்னால் கதவு திறக்கிறது. ஆள் தெரிவதில்லை, ஒரு கை மட்டும் டம்ளரோடு நீள்கிறது. "மூணாவது டீ, டீச்சரம்மா. வேணாம்னா கொட்டிடாத, நான் குடிச்சுக்கறேன்."

பதிவில் டீச்சரம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். ஒவ்வொரு பருவத்திலும், மூன்று பிரிவுகளிலும், அந்த இடத்தில் வகுப்பே சிரிக்கும். பரீட்சைத் தாளில்கூட 'மூன்றாவது டீயைக் கணவர் குடித்துக்கொள்வார்' என்று விதியின் ஒரு பகுதியாக எழுதி வைப்பார்கள். டீச்சரம்மா அதற்கும் மதிப்பெண் போடுவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்கும்போது ஏதாவது தோன்றுகிறதா என்று தன்னையே பார்ப்பார். ஒன்றும் தோன்றாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வருடம் கல்லூரிக்குத் தர ஆய்வு வந்தது. பதிவுகளில் ஆசிரியர் குரல் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். துறைத் தலைவர் கூப்பிட்டு, கோபித்துக்கொள்ளாமல் ஒன்பதாம் பாடத்தை மட்டும் மறுபடி பதிவு செய்து தரச் சொன்னார். பழையது வெள்ளிக்கிழமை அழிக்கப்படும் என்றார். டீச்சரம்மா சரி என்றார்.

விஷயம் தெரிந்து நாத்தனார் போன் செய்தார். அண்ணன் போன் என்றாலே 'ம்' என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து விடுகிற ஆள், கல்யாண வீடியோவில்கூட வாயைத் திறக்காதவர் என்பது தங்கைக்குத் தெரியாதா?

"அண்ணி, அண்ணன் குரல் வேற எங்கயும் இல்ல. ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்க. உங்களுக்கு வேணாம்னாலும் எனக்காக எடுங்க."

எடுக்கிறேன் என்று சொல்லி பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். புதன் போனது, வியாழன் போனது. மறதி இல்லை, பயம்தான். எடுத்து வீட்டில் வைத்து, தனியாக உட்கார்ந்து கேட்டு, அப்போதும் ஒன்றும் தோன்றாவிட்டால்? முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் மனசில் ஒன்றுமே இல்லை என்று உறுதியாகிவிடும். அதற்குக் குரல் போவதே மேல் என்று இருந்துவிட்டார். வெள்ளி மதியம் கணினி அறையில் இருப்பவர் வந்து, அழித்தாயிற்று என்றார். டீச்சரம்மா நன்றி சொன்னார். பென் டிரைவ் கைப்பையிலேயே கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே மேசையில் உட்கார்ந்து புதிதாகப் பதிவு செய்து, திங்களன்று கொடுத்தார். சாயங்காலம் கணினி அறைக்காரர் கூப்பிட்டார்.

"மேடம், மூணாவது டீன்னு சொல்லிட்டு பதினோரு விநாடி சும்மா உக்காந்திருக்கீங்க. திரும்பி கதவைப் பாக்கறீங்க. அதை வெட்டிடட்டுமா?"

டீச்சரம்மாவுக்கே அது தெரியாது. இரண்டு வருடமாக அந்த இடத்தில் பேச்சு நின்று நின்று, நாக்கு தானாகவே இடம் விட்டிருக்கிறது. வெட்டினால் படம் கொஞ்சம் குதிக்கும், மறுபடி எடுத்தால் நல்லது என்றார் கணினி அறைக்காரர். மறுபடி எடுக்கத் தெம்பில்லை, அப்படியே இருக்கட்டும் என்று டீச்சரம்மா பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு. அதில் ஒரு பஸ் டிரைவர் உண்டு. பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் என்று சேர்ந்தவர், பணவீக்கத்தில் வரிசையாக மூன்று தடவை விழுந்தவர், நான்காவது தடவையாக முதல் பாடத்திலிருந்து அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் இரவு வண்டி ஓட்டிய களைப்பில் சீருடையோடு கையில் தலையைச் சாய்த்திருந்தார்.

திரையில் டீச்சரம்மா மூன்றாவது டீக்கு வந்தார். நிறுத்தினார். திரும்பிக் கதவைப் பார்த்தார். புதியவர்களுக்குப் படம் நின்றுவிட்டதோ என்று சந்தேகம்.

டிரைவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மூணாவது டீ, டீச்சரம்மா. வேணாம்னா கொட்டிடாத, நான் குடிச்சுக்கறேன்."

வகுப்பு சிரித்தது. டீச்சரம்மா பொத்தானை அமுக்கிப் படத்தை நிறுத்தினார். எழுந்து நின்றார். டிரைவர் விழித்துக்கொண்டு, திட்டு விழப் போகிறது என்று பதறி எழுந்தார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். மூணு தடவை கேட்டாச்சுல்ல, தானா வந்துடுச்சு. சார் குரல் எங்க மேடம் காணோம்?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார். இந்தத் தடவை நிதானமாக, அந்தக் குரல் 'டீச்சரம்மா'வைக் கொஞ்சம் இழுக்கிற இடத்தில் தானும் இழுத்துச் சொன்னார். விதிப்படி, இரண்டாவது தடவை முதல் தடவையைவிடக் குறைந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அவர் நடத்திய பாடம் அது. டீச்சரம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார்.