மூத்தவளுக்கு வைத்த புடவை

செத்துப்போனவள்மேல் பொறாமைப்பட்டவள் நான். என் கணவரின் மூத்த மனைவி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்தவள். சுமங்கலியாகப் போனவள் என்பதால் ஆண்டுதோறும் அவளை வீட்டுத் தெய்வமாக, பூவாடைக்காரியாகக் கும்பிட்டு, புதுப்புடவை வைத்துப் படைப்போம். படைத்த புடவையை இரண்டாம் தாரமான நான் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுறையும் கட்டியதில்லை.

"அவள இட்டுக்கினு போவாம வுட்டுட்டேன். நீயாச்சும் வா" என்று அவர் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதும் வயிறு எரிந்தது. பரிசோதனையில், அந்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. கிருமி எனக்கு இருப்பது தெரிந்தது.

"எல்லாம் செத்துப்போன அந்த மூத்தவகிட்டருந்து வந்ததுதான்!" என்று நர்ஸிடம் வெடித்தேன்.

"உடலுறவுல பரவும்மா. வருஷக்கணக்கா வெளிய தெரியாமலே இருக்கும். யாருகிட்டருந்து யாருக்குன்னு சொல்லவே முடியாது. அவங்களுக்கே ஒங்க வூட்டுக்காரர் குடுத்திருக்கலாம். இது புத்துநோய் இல்ல. முன்னாடியே தெரிஞ்சிடுச்சு, பாத்துக்கலாம்."

அவளுக்கு முன்னாடியே தெரியவில்லை.

இந்த ஆண்டு படைத்த புடவையைக் கட்டினேன். அவர் அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் எரியத்தான் செய்தது. ஆனாலும் மாற்றவில்லை.