கடலுக்குப் போன பை

நாகப்பட்டினம் போய்க் கடல் பார்த்துவிட்டு வரலாம் என்று முதலில் சொன்னது என் வீட்டுக்காரர்தான். பிற்பாடு எங்கள் வீட்டில் அது என்னுடைய ஆசை என்று ஆகிவிட்டதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும் இருந்தோம். மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டுக்காரருக்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் வேலை. பொங்கல் வியாபாரம் முடிந்ததும் கடை ஆட்களுக்கு முறை வைத்து சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் லீவு உண்டு. எந்த வாரம் வேண்டும் என்று அவரவரே சொல்லிக்கொள்ளலாம்.

நான் பிறந்தது முசிறிப் பக்கம். அப்பாவின் வாழைக் கொல்லை காவிரிக் கரையில் இருந்தது. கல்யாணமாகி வந்த ஊரிலும் இரண்டு பக்கமும் ஆறு. எட்டாவது வரை படித்தேன். பூகோளப் புத்தகத்தில் காவிரி ஒரு நீலக் கோடாக ஓடி ஓரத்தில் முடிந்துவிடும். அந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு ஊர் சுற்றும் ஆசை எதுவும் இருந்ததில்லை. அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் கிணற்றடியில் அவர் கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அலை திரும்பிப் போறப்ப காலுக்கடியில இருக்கிற மண்ணை உருவிக்கிட்டுப் போகும். நின்ன இடத்துலயே நின்னாலும் நாம நகர்ற மாதிரி இருக்கும். சின்ன வயசுல ஒரு தடவ நின்னிருக்கேன்."

"பயமா இருக்காதா?"

"என் கையப் பிடிச்சுக்க."

"எல்லாரும் பாப்பாங்களே."

"அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

எனக்கு ஆசை வந்தது கடலால் அல்ல, அந்தக் கடைசி வார்த்தையால்தான் என்று இப்போது தோன்றுகிறது. நாலு பேர் இருக்கும் இடத்தில் நிமிர்ந்து நிற்கக் கூசுகிறவள் நான். யாருக்கும் நம்மைத் தெரியாத ஓர் ஊரில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்பதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அங்கே அவருடன் படித்த ஒருவர் வீடு இருந்தது. தலை தீபாவளிக்கு அவர் எடுத்துக் கொடுத்த வாடாமல்லிப் புடவையை அங்கே கட்டிக்கொள்வது என்று வைத்திருந்தேன்.

மாமியாரிடம் சாப்பிடும்போது சொன்னார்.

"வெறுமன கடலைப் பாக்கவா ரயிலேறிப் போவாங்க?" என்றார் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "போறதுதான் போற, அதுக்கு அடுத்த வாரம் போயேன். திங்கக்கிழமை தை அமாவாசை. அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் எறச்ச மாதிரியும் ஆச்சு. அமாவாசை, பௌர்ணமி இல்லாத நாள்ல கடலைத் தொடவே கூடாதுப்பா. நானும் ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்."

"அதுவும் சரிதாம்மா" என்றார் இவர். ரசப் பாத்திரத்தோடு நின்ற என்னைப் பார்த்து, "ஒரு வாரம்தானே" என்றார்.

அந்த அடுத்த வாரம் எனக்கு ஆகாத வாரம். அமாவாசையை ஒட்டித்தான் நான் வீட்டுக்குத் தூரமாவேன். ஊர் பார்க்கப் போவதாக இருந்தால் அப்படி இப்படிச் சமாளித்துப் போய்விடலாம். பித்ரு காரியத்துக்கு முடியாது. அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் சாப்பிடுகிற ஆண்பிள்ளைக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? மறுநாள் அவர் கடைக்குக் கிளம்பும்போது, முதலில் பேசிய வாரமே போகலாமே என்று கேட்டேன்.

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மாவுக்காக அம்மா சொன்னத மாத்த முடியுமா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் திருவானைக்கோவிலில் இருந்த நாத்தனாருக்குப் போயிற்று. அவர் என் வீட்டுக்காரரின் தங்கை. மறுநாளே வந்துவிட்டார்.

"அண்ணி, உங்க தேனிலவுக்கு நாங்களும் வரோம். கோவிச்சுக்காதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை கிழக்கே சூலம். நாகப்பட்டினம் கிழக்கே இருக்கிறது. லீவோ சனிக்கிழமையிலிருந்துதான். இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு, பரஸ்தானம் வைப்பது. நல்ல நாளில், நல்ல நேரத்தில், போகிறவர்களின் துணிமணியைப் போகிற திசையில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை வாசலைத் தாண்டிவிட்டால் ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கிழமையில் போனாலும் சூலம் தாக்காது. ஆனால் வைத்த பையைப் பயணம் போகாமல் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை, ராகு காலத்துக்கு முன்னால், என் வாடாமல்லிப் புடவை, அவர் வேட்டி, ஒரு மஞ்சள் துண்டு எல்லாவற்றையும் காக்கிப் பையில் வைத்து மாமியார் எடுத்துக் கொடுத்தார். கடைக்குப் போகும் வழியில் இவர் அதைத் தங்கை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் எனக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. என் புடவை கிளம்பிவிட்டது, நானும் பாதி கிளம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு புளி ஊறவைத்தேன்.

சனிக்கிழமை காலை புளிக்காய்ச்சலை இறக்கி வைத்தபோது தெரிந்துவிட்டது. கொல்லைப்புறம் போய்க் கிணற்றுக்குத் தள்ளி நின்றுகொண்டேன். நின்ற இடத்தைப் பார்த்தே மாமியாருக்குப் புரிந்தது.

"இன்னிக்குன்னு பாத்தா வரணும்?" என்றார். "பெரியவங்களுக்குச் செய்யப் போற இடம். எப்படிம்மா உன்னை அழைச்சுக்கிட்டுப் போறது?"

என் வீட்டுக்காரர் கொல்லைக் கதவு வரை வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப எல்லாருமே நிறுத்திடலாமா?" என்று தாயாரைக் கேட்டார்.

"எப்படி நிறுத்தறது? பை போயாச்சு. திருப்பி எடுக்கக் கூடாது. அவ புடவையும் அதுலதானே இருக்கு? அவளே வந்த மாதிரிதான்."

அந்த நிமிஷம் அவர் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இறுக்கமாக இருந்த முகம், பை என்ற வார்த்தையைக் கேட்டதும் தளர்ந்தது.

"அதுவும் சரிதாம்மா" என்றார்.

நான் தொட்டுக் கிளறிய புளிக்காய்ச்சல் ஆகாது என்று விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வீட்டம்மா வேளைக்குச் சோற்றை மட்டும் மதில் வழியாகக் கொடுத்தார். மூன்று நாளும் அந்தப் புளிக்காய்ச்சலைத்தான் பிசைந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

"கடல் எங்க ஓடிப் போகுது? இன்னொரு அமாவாசைக்குப் போயிக்கிட்டா ஆச்சு" என்றார் அடுத்த வீட்டம்மா. அவர் நல்லவர்.

திங்கள்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். செவ்வாய்க்கிழமை நான் தலை முழுகிவிட்டு உள்ளே போனபோது நாத்தனார் இன்னும் ஊருக்குக் கிளம்பாமல் இருந்தார்.

"அண்ணி, கடல்ல குளிக்க உங்க புடவையத்தான் கட்டினேன். பையில சும்மாதானே கெடந்துச்சு. எப்படி இருந்துச்சு தெரியுமா, கரையில நின்னவங்கல்லாம் என்னைத்தான் பாத்தாங்க" என்றார்.

பையைத் திறந்தேன். புடவை உப்பில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. சாயம் இறங்கி அவர் வேட்டியில் ஏறியிருந்தது. முற்றத்தில் நின்று உதறினேன், மண் கொட்டியது. அதன் மேல் கால் வைத்துப் பார்த்தேன். ஒரு பிடிகூடத் தேறாத மண். விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கித் தள்ளினேன்.

கடைக்குக் கிளம்புமுன் என் வீட்டுக்காரர் முகம் கழுவக் கிணற்றடிக்கு வந்தபோது கேட்டேன், "மண்ணு ஓடிச்சா?"

"என்ன மண்ணு?"

"காலுக்கடியில."

"ஓ, அதுவா. அமாவாசைக் கூட்டம். யாரு அங்க நின்னு பாத்தா?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கடல் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பொங்கல் லீவுகள் வந்தன, அவர் வீட்டில் படுத்துத் தூங்கினார்.

பல வருஷம் கழித்து நாத்தனாரின் கடைசிப் பையனுக்குக் காது குத்து. பந்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். மாமியார் அப்போது இல்லை. பேச்சு எங்கெங்கோ போய் அந்த நாகப்பட்டினத்துக்கு வந்தது.

"நாம எல்லாரும் ஒண்ணாப் போயிட்டு வந்தது அது ஒரு தடவைதான்" என்றார் நாத்தனார். "அண்ணி, நீங்க அந்த வாடாமல்லிப் புடவையோட அலையில நின்னது இன்னும் என் கண்ணுலயே இருக்கு. இல்லண்ணா?"

அவர் பொய் சொல்லவில்லை. புடவை அவர் நினைவில் இருந்தது, அது என்னுடையது என்பதும் இருந்தது. மற்றதை அவர் மனம் சேர்த்துக்கொண்டுவிட்டது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பாக்கை மென்றபடி சற்று யோசித்தார்.

"ஆமாமா" என்றார். "இவ ஆசப்பட்டான்னுதானே போனோம்."

நாத்தனாரின் மூத்த பெண் என் பக்கம் நகர்ந்து வந்தாள். அவளும் கடல் பார்த்ததில்லை.

"கடல் எப்படி இருந்துச்சு அத்தை?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கூட்டமா இருந்துச்சு" என்றேன்.