இரண்டாம் தடவை கேட்கவில்லை

எங்கள் தெருவில் பூட்டு திறக்கவும் சாவி வெட்டவும் ஒரே ஆள்தான். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். அவர் தும்மினால் என் காகிதம் பறக்கும். தெருவே அவரை 'ரெண்டாந்தடவை' என்றுதான் கூப்பிடும்.

எதை நீட்டினாலும் முதலில் "வேணாம்" என்பார். டீ வேணுமா? வேணாம். சரி என்று விட்டுவிட்டால் முகம் தொங்கிப்போகும். "அட, குடிங்கண்ணே" என்று இன்னொரு தடவை சொன்னால், "நீ இவ்வளவு சொல்றப்ப..." என்று வாங்கி நமக்கு முன்னால் குடித்து முடிப்பார். முதல் தடவை கேட்பது ஒப்புக்கு, இரண்டாம் தடவை கேட்பதுதான் மனசாரக் கேட்பது என்பது அவர் வைத்திருந்த சட்டம். எனக்கு எரிச்சலாக வரும். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

அவர் மனைவிக்கு இந்தச் சட்டம் அத்துப்படி. சோறு, சட்டை, சினிமா எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டே குடும்பம் நடத்தினார். அப்புறம் அந்த அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. "நீங்களும் வாங்க" என்றார். இவர் வழக்கம்போல, "நான் எதுக்கு? நீங்க போங்க" என்றார். அலுத்துப்போயிருப்பார் போல, அன்றைக்கு அந்த அம்மா மறுபடி கேட்கவில்லை. நடை பழகிக்கொண்டிருந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தன் அண்ணன் துணையோடு போய்விட்டார். இவர் கடையிலேயே இருந்துவிட்டார்.

அந்த மகள் வளர்ந்து, அவ்வப்போது வந்து அப்பாவைப் பார்த்துப் போவாள். போன மாதம் ஒரு பை நிறையக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளோடு வந்தாள்.

"நீங்க எடுத்துக் குடுங்கப்பா. எனக்கு ஒண்ணும் புரியல."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மேசையில் கிடந்த இரும்புத்தூளைத் தட்டிவிட்டு, கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். தங்க எழுத்தை நகத்தால் சுரண்டினார். "பாரு, கையோட வருது. கல்யாணத்துக்குள்ள பாதிப் பேரு காணாமப் போயிடும்." ரிப்பன் கட்டியதைப் பார்த்து, "இதைப் பிரிக்க என்னையத்தான் கூப்பிடணும்" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் என் கடையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் இளமஞ்சளில் ஒரு கெட்டி அட்டையைப் பொறுக்கினார். ஓரத்தில் மெல்லிய கோடு, வேறு ஆடம்பரம் இல்லை. அவளுக்கும் அதுவே பிடித்திருந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பாதியில் விட்டிருந்த ஒரு சாவியை எடுத்து மறுபடி அரத்தால் ராவ ஆரம்பித்தார். அவள் பையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அழைக்கிறவங்கன்னு அம்மா பேரும் மாமா பேரும் போடறோம். உங்க பேரும் போடட்டுமாப்பா?"

அரம் நின்றது.

"என் பேரெல்லாம் எதுக்கும்மா? வேணாம்."

தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடி காத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "சரிப்பா" என்றுவிட்டாள். அங்கேயே அச்சகத்துக்கு போன் போட்டு அட்டையின் எண்ணைச் சொன்னாள். "பேரெல்லாம் ஏற்கெனவே குடுத்ததுதான்" என்றாள். அவள் போன பிறகும் அவர் அந்தச் சாவியை ராவிக்கொண்டே இருந்தார். அது எந்தப் பூட்டுக்கும் ஆகாமல் போயிற்று.

"போன் பண்ணிப் போடச் சொல்லுங்கண்ணே. உங்க பொண்ணுதானே?" என்றேன்.

"இல்லப்பா. ஆசையிருந்தா அவளே இன்னொரு தடவை கேப்பா."

மறுநாள் அவள் கூப்பிட்டாள். கை அழுக்காக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, ஒண்ணு கேக்கணும்" என்றதும் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை அவசரமாக அணைத்தார்.

"கவர் என்ன கலர்ல போடலாம்?"

இயந்திரத்தின் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "வெள்ளையே இருக்கட்டும்மா."

"வேற ஏதாவது சொல்லணுமாப்பா?"

"வேற என்ன... ஒண்ணுமில்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என்ன தோன்றியதோ, கடையைப் பாதியில் மூடிவிட்டு அச்சகத்துக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்து, "அச்சடிச்சுக் கட்டியே வச்சுட்டாங்க" என்று என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

முதல் பத்திரிகையை மகள் அவருக்குத்தான் கொண்டுவந்தாள். இளமஞ்சள் அட்டையை விரித்து வரிவரியாகப் படித்தார். அழைப்பவர்கள் என்ற இடத்தில் இரண்டே பெயர். அங்கே விரலை வைத்தவர் எடுக்கவில்லை.

"நீங்கதான் வேணாம்னுட்டீங்களேப்பா" என்றாள். "வீட்டுக்குப் போய் அழுதேன். 'அவர் அப்படித்தான், இன்னொரு தடவை கேளு'ன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு மனசு வரல. பெத்த அப்பாகிட்ட இதைப் போயி ரெண்டு தடவை கேக்கணுமாப்பா?"

அவர் அட்டையை மெதுவாக மடித்தார்.

"கல்யாணத்துக்காவது வருவீங்க..."

"வர்றேன்."

அவள் கேட்டு முடிக்கக்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையிலேயே அவர் சரி என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் பத்திரிகை கொடுக்கிற எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விக்கு.

கிளம்பும்போது கவரில் எழுத என்னிடம் பேனா வாங்கினாள். அழகான கையெழுத்து. அந்தக் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இருந்த ஒரே இடம், அவரே கலர் சொன்ன அந்த வெள்ளைக் கவர்தான்.