எல்லாம் லேப்காரன் செய்த தப்பு

என் அக்கா சரசாவின் கணவர் சந்திரமௌலி அத்திம்பேர் தன் வாழ்நாளில் ஒரு மோசமான புகைப்படம்கூட எடுத்ததில்லை. அவரே சொல்லியிருக்கிறார். படம் கலங்கி வந்தால் அது லேப்காரன் கழுவிய லட்சணம். முகம் கறுத்திருந்தால் லேப்காரன் பழைய மருந்தில் முக்கிவிட்டான். ஒரு சீமந்தப் படத்தில் மாப்பிள்ளைக்குத் தலையே இல்லை. அதையும் லேப்காரன்தான் வெட்டினானாம். முப்பது வருடம் ஃபிலிம் கேமராவோடு அலைந்து, புனேயில் பாதித் தமிழ்க் குடும்பங்களின் விசேஷங்களை இலவசமாகக் கெடுத்தவர், மன்னிக்கவும், எடுத்தவர்.

என் கல்யாணத்தையும் அவர்தான் எடுத்தார். ஃப்ளாஷ் போட்டால் இயற்கை போய்விடுமாம். தாலி கட்டும் படத்தில் நானும் அகல்யாவும் இருக்கிறோம் என்று நம்பத்தான் வேண்டும். இரண்டு மஞ்சள் புகைகள், அவ்வளவுதான். "லேப்காரன் கெடுத்துட்டான்டா முகுந்த், நான் என்ன பண்றது?" என்றார். விஷ்ராந்த்வாடியில் லேப் வைத்திருந்த நிர்மலிடம் போய், வந்தவர் போனவர் முன்னால் ஆல்பத்தை மேஜைமேல் வீசிக் கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. மூன்று முறை மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். மூன்று முறையும் அதே புகை. பன்னிரண்டு வருடமாகியும் அந்த ஆத்திரம் எனக்கு அடங்கவில்லை.

2011-ல் ஃபிலிம் கேட்டால் கடைக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அத்திம்பேரின் மகள் அம்ருதாவுக்குத் தை மாதம் கல்யாணம். படம் தானே எடுப்பதாக அவர் அறிவித்துவிட்டார். அதற்கு ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்க வேண்டும். அம்ருதா என்னைத் தனியே கூப்பிட்டு, "மாமா, ப்ளீஸ், என் முகம் தெரியணும்" என்றாள்.

சனிக்கிழமைதோறும் என் வண்டியில் லக்ஷ்மி ரோடு பயணம். அங்கே ஒரு கேமராக் கடை; ஒரு மணிக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அத்திம்பேர் சரியாகப் பன்னிரண்டே முக்காலுக்கு நுழைவார். ஒரு கேமராவுக்குக் கனம் அதிகம். ஒன்றுக்குச் சத்தம் சரியில்லை. ஒன்றில் மெகாபிக்சல் அதிகம், "மாப்பிள்ளையோட பருவெல்லாம் தெரியும்டா." அதற்குள் கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருக்கும். "பாவம், அவா சாப்பிடப் போகணும்" என்று பெருந்தன்மையாகக் கிளம்பிவிடுவார். இப்படி ஆறு சனிக்கிழமை. ஒரு கேமராவிலும் ஒரு படம் எடுத்துப் பார்க்கவில்லை.

ஏழாவது வாரம் அகல்யாவும் வந்தாள். கடையில் வேலை பார்க்கும் ஷபானா அன்று கதவை இறக்கவில்லை. ஒரு கேமராவை அவர் கையில் திணித்து, "என் சாப்பாட்டு டப்பா இங்கேயே இருக்கு அங்கிள், நான் எங்கேயும் போகல. இவங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க" என்றாள் இந்தியில்.

தப்பிக்க வழியில்லை. எடுத்தார். பொத்தானை அவர் அமுக்குவதில்லை, ஆணி அடிப்பதுபோல் அடிப்பார். கேமராவே ஒரு குதி குதித்தது. பின்பக்கத் திரையில் படம் உடனே வந்து நின்றது. இரண்டு புகைகள்.

"கேமரா சரியில்லை" என்றார். ஷபானா அதே கேமராவை வாங்கி, அதே இடத்தில் நின்று எடுத்தாள். என் சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரிந்தது. அத்திம்பேர் மறுபடியும் எடுத்தார். மறுபடியும் புகை.

அகல்யா திரையை எட்டிப் பார்த்தாள். "நம்ம தாலி போட்டோ மாதிரியே இருக்கே" என்றாள்.

அத்திம்பேர் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே லேப்காரன் யாரும் இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்துத் திட்ட வாயைத் திறந்தேன். அவர் கேமராவின் திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ஆறு சனிக்கிழமையும் மனிதர் பயந்து ஓடியது இந்தச் சின்னத் திரைக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. "இதையே எடுத்துக்கறேன்" என்றார் மெதுவாக. பிறகு, "நிர்மல் லேப் இன்னும் இருக்காடா?"

இருந்தது. இப்போது பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும். நிர்மல் என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்; ஆல்பம் வீசினவனை யார் மறப்பார்கள்? அத்திம்பேர் கேமராவை நீட்டினார். கடையில் எடுத்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு நிர்மல் சிரிக்கவில்லை. அத்திம்பேரின் முழங்கைகளைப் பிடித்து விலாவோடு ஒட்டவைத்தார். "மூச்சை அடக்கிட்டு மெதுவா அமுக்குங்க" என்றார். அத்திம்பேர் அவரையே எடுத்தார். நிர்மலின் மீசையில் நரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அம்ருதாவின் முகம் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"இவ்வளவுதானா? இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலையே!" என்றார் அத்திம்பேர்.

நிர்மல் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன் சாப். நீங்கதான் கத்திட்டிருந்தீங்க."