காலில் இல்லாத முள்

அப்பறமென்ன செல்வி, கல்யாண மண்டபத்துல அத்தனை சனத்துக்கு மத்தியில நெஞ்சு வலிக்குதுன்னு மாத்திரைய நாக்குக்கடியில வச்சிருக்காரு கீழத்தெரு மாமா. சரிதான். ஆனா நின்னுக்கிட்டே வச்சிருக்காரு! சம்பந்தகாரக முன்னால உக்காந்தா மரியாதை கொறஞ்சு போகுமாம்ல. கிறுகிறுன்னு வந்து ரச வாளி மேலயே சாஞ்சுட்டாரு. சிரிக்காதடி, எனக்கும் சிரிப்புத்தான் வருது. நல்லவேளை, ரசம் ஆறிப்போயிருந்துச்சு.

ஆனா கேட்டதும் எனக்கு, என்னையப் பெத்த எங்கய்யா ஞாபகம்.

எங்கய்யா கூடலூர்லருந்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறிப் போவாரு. வந்தா சட்டையெல்லாம் ஏலக்கா வாசம். அந்த நெஞ்சுல மூக்க வச்சுத்தான் நான் தூங்குவேன். அந்த நெஞ்சுலதான் ஒருநா, "பாறாங்கல்ல ஏத்தி வச்ச மாதிரி இருக்கு"ன்னாரு. தோட்டத்து டாக்டர் கறுத்த குப்பியில குட்டி மாத்திரை குடுத்து, "முழுங்காத, நாக்குக்கடியில வை. வைக்கும்போது உக்காந்துரு, நின்னா பிரஷர் எறங்கி விழுந்துருவ. கொஞ்ச நேரத்துல வலி விடலேன்னா ஆசுபத்திரிக்கு வந்துரு"ன்னாராம். எங்கம்மா அத எனக்கும் ஓதி ஓதியே வச்சிருச்சு. அன்னையிலருந்து அய்யா எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன்.

அப்படி ஒருநா எங்கத்தைக்குப் பரிசம் போட மாப்ள வீட்டாளுக வந்திருந்தாக. பெரியய்யா, அதான் எங்கய்யாவுக்கு மூத்தவரு, பாயில உக்காந்துருக்காக. அவுக முன்னால எங்கய்யா உக்கார மாட்டாரு. துண்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்குறாரு. பாக்குறேன், நெத்தியெல்லாம் வேர்வை. கை வேட்டி மடிக்குப் போகுது, குப்பியத் தொறக்குது, மாத்திரை வாய்க்குள்ள போகுது. ஆளு நிக்குறாரு! எனக்கு உசுரே இல்ல. உக்காருங்கய்யான்னா கேப்பாரா? பெரியவுக சபையில சின்னப்புள்ள வாயத் தொறந்தா வகுந்துருவாக.

என் காலப் புடிச்சுக்கிட்டு, "அய்யா, முள்ளு! முள்ளு!"ன்னு கத்துனேன் பாரு, வந்த சனமே திரும்பிருச்சு. "ஏலே, புள்ளைக்கு என்னன்னு பாருடா"ன்னு பெரியய்யாவே அதட்டுனாக. எங்கய்யா பொத்துன்னு உக்காந்து, என் கால மடியில போட்டுத் தடவுறாரு. இல்லாத முள்ள எங்கன தேடுறது? வெரலெல்லாம் சில்லுன்னு இருக்கு. நான் அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டுருக்கேன். அப்பறமாத்தான் மூச்சு சீரா வந்துச்சு.

"பெரிய முள்ளோ?"ன்னு பெரியய்யா கேட்டாக.

"ஆமாண்ணே, பெருசுதான்"ன்னுட்டு என் காதுப்பக்கம் குனிஞ்சு, "முள்ளு வெளிய வந்துருச்சு ஆத்தா"ன்னாரு.

இப்ப எங்க வீட்டுக்காரருக்கும் அதே மாதிரி மாத்திரை. தோட்டத்து மேடு ஏறுறதுக்கு முன்னாலயே ஒண்ண வைக்கச் சொல்லிருக்காரு டாக்டர். தலவலின்னு மொணங்குவாரு, அது அந்த மாத்திரைக்கு உண்டாம். நர்சம்மா என்னைய ஓரமாக் கூப்புட்டு, "வீரியத்துக்குன்னு கடையில எதையாச்சும் வாங்கி முழுங்க விட்றாதீக, ரெண்டும் சேந்தா உசுருக்கே ஆபத்து"ன்னாக. இந்த வயசுலயான்னு சிரிச்சேன் பாரு, அவுகளும் சிரிச்சுட்டாக. ஆனா ராத்திரி அவரு பையையெல்லாம் ஒரு தடவ தடவிப் பாத்துட்டேன்.

இப்பல்லாம் பாயி எங்க விரிக்கிறாக, எல்லாம் நாக்காலிதான். இருந்தும் நிக்கிற ஆளுக நின்னுக்கிட்டுத்தான் இருக்காக. இவரு அப்படியில்ல, சட்டப்பையில குப்பி இல்லாம வாசப்படி தாண்ட... சட்டையா? ஏடி, காலையில கழட்டிப்போட்ட சட்டைய வாளியில ஊற வச்சனே, பையத் துளாவுனனா? மாத்துச் சட்டையப் போட்டுக்கிட்டுத் தோட்டத்துக்குக் கெளம்பிட்டாரே மனுசன். இரு செல்வி, வாளியக் கவுத்துப் பாத்துட்டு ஓடுறேன்.