வகுப்பைச் சுற்றி வந்த மைனர் செயின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வகுப்புக்கே பொன்னுக்கு வீங்கி வரவழைத்த முட்டாள் நான்தான். அதையும் ஏதோ புண்ணியம் செய்வதாக நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெருக்களுக்கு நடுவே இருந்த ஆரம்பப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். கல்யாணமான புதிது. மாமனார் போட்ட மைனர் செயின் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே சட்டையின் மேல் பட்டனைப் போட மாட்டேன். வீட்டில் மனைவிக்கு மூன்றாம் மாதம்.

ஒரு காலை, கன்னம் இட்லி மாதிரி உப்பிய ஒரு பையன், தாடையைச் சுற்றி ஜரிகை கட்டிக்கொண்டு வந்து நின்றான். பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கம் போட வேண்டும், வடிந்துவிடும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். கூட வந்த அவன் அம்மா, "வூட்ல பொட்டுத் தங்கம் இல்ல சார். அதான் தறியில கெடந்த ஜரிகைய கட்டிக்கினு வந்துட்டோம்" என்றார்.

"ஜரிகையில இருக்குறது வெறும் பூச்சுமா, அதுக்கெல்லாம் மசியாது" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லி, செயினைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினேன். அந்தம்மா கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் மாமனார் நகையை வெளியே அனுப்ப மனசு வருமா? "காலையில வந்து போட்டுக்கோ, சாயங்காலம் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றேன். ஆக, வீட்டில் படுத்திருக்க வேண்டியவன் தங்கத்துக்காகத் தினமும் வகுப்புக்கு வந்தான். சில வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு வீங்கியது, அவனும் வந்தான். அப்புறம் இன்னும் சிலர். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, செயினை வாயில் வைத்துச் சப்பினார்கள். வீங்காதவன்கூடக் காற்றை அடக்கிக் கன்னத்தை உப்பிக்கொண்டு வரிசையில் நின்றான்.

ஊசி போட வந்த நர்ஸ் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா சார், வீங்கினதையெல்லாம் ஒரே ரூம்ல சேத்து வெச்சிக்கினு கீறீங்க?"

நான் செயின் மகிமையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இது எச்சில்ல, மூச்சுல ஒட்டிக்கும் சார். வடியற வரைக்கும் புள்ளைங்க வூட்லயே இருக்கணும். உங்க வூட்ல யாராச்சும் மாசமா கீறாங்களா? முன்னாடி இது வராதவங்கன்னா கிட்ட போவாதீங்க, வயித்துப் புள்ளைக்கு நல்லதில்ல. ஒரு தபா வந்தவங்கன்னா பயமில்ல."

பிள்ளைகளை அப்போதே வீட்டுக்கு அனுப்பினேன். நான் எங்கே போவது?

மனைவிக்கு முன்பு வந்திருக்கிறதா? கேட்டால் "எதுக்கு?" என்பாள், செயின் ஊர்வலம் போன கதை வெளியே வரும். கேட்காமலே தவித்தேன். வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சுவரைப் பார்த்துப் பேசினேன். அவள் கூடத்துக்கு வந்தால் நான் கொல்லைக்கு ஓடினேன். ஓடும்போதும் ஓரக்கண்ணால் அவள் கன்னத்தை அளந்தேன். "மூஞ்சில இன்னா இருக்குது, அப்டி பாக்குறீங்க?" என்பாள். ஒருநாள் மசக்கைக்கு நெல்லிக்காயைக் கன்னத்தில் ஒதுக்கியிருந்தாள். வீக்கம்தான் என்று நினைத்து எனக்கு உயிர் போய் வந்தது.

கடைசியில் ஒரு காலை கண்ணாடியைப் பார்த்தால், வீங்கியிருந்தது என் கன்னம். இரண்டு பக்கமும். இனி எதை மறைப்பது? கதவுக்கு வெளியே நின்றபடி, திறக்காத வாயால் எல்லாவற்றையும் உளறிவிட்டு, "உனக்கு முன்னாடி வந்திருக்கா?" என்று கேட்டேன்.

அதற்கப்புறம் ஓய்வு பெறும் வரை, காய்ச்சலோ வீக்கமோ, உடம்புக்கு முடியாமல் வந்த எந்தப் பிள்ளையையும் நான் வகுப்பில் உட்கார வைத்ததில்லை. அந்தப் பாடத்தை எனக்கு எடுத்தது, அன்று உள்ளே அரிசி களைந்துகொண்டே, தலைகூட நிமிராமல் அவள் சொன்ன பதில்தான்.

"சின்னதுலயே வந்துச்சி, எங்கம்மா இஸ்கூலுக்கு அனுப்பல."