தங்க முட்டை பனியன்

கோவைக் கண்காட்சியில், பேராசையைக் கேலி செய்யும் அச்சுப்படம் ஒன்றில் கோட்டு போட்ட ஒருவர் தங்க முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்தார். அதன் மை வாசத்தில் எங்கள் திருப்பூர் பிரிண்டிங் பட்டறை மிதந்து வந்தது.

ஈமுக்கோழிக் கம்பெனி ஒன்றின் விளம்பரத்துக்காக அப்பா பனியன்களில் தங்க முட்டை அச்சடித்தார். நீள மேசையெங்கும் ஈர முட்டைகள் மினுங்கின. பார்க்கப் பார்க்க மயங்கி, கூலிக்குப் பதிலாக ஈமுக் குஞ்சுகளை வாங்கிக்கொண்டார். அவை இடும் முட்டைகளைக் கம்பெனியே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளுமாம்.

"ஏனுங்க, அந்த முட்டைக்கு மஞ்சக் கலக்குனதே நீங்கதானுங்களே?" என்றாள் அம்மா.

கம்பெனி ஓடிப்போனது. ஈமுக்கள் மட்டும் வாசலில் பனியன் வேஸ்ட் துணியைக் கொத்தியபடி, கனவில் வருவதுபோல் மெல்ல நடந்தன.

கண்காட்சிக்கு என்னோடு வந்திருந்த அப்பா படத்தை உற்றுப் பார்த்தார்.

"மஞ்ச பத்தல கண்ணு. நம்ம முட்டைதான் நம்புற மாதிரி இருந்துச்சு."